டேங்க் மேட்டுக்கு ஒரு லேப்டாப்

கரடியைப் பார்த்ததைத் தங்கமணி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தாள்.

கரடிக்கும் கணக்கு வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கீழே சமவெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள், அவர்களுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டே சிக்னல் கிடைக்கிறது. நீலகிரியில் மஞ்சூருக்கு மேலே, ஒரு தேயிலை ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸில் போனைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டாலும் ஒரு கோடு வராது. குறுக்கே மலை நிற்கிறது. சிக்னல் வேண்டுமென்றால் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தேயிலைக்குள் ஏறும் ஒற்றையடிப் பாதையில் போக வேண்டும். பாதை முடிகிற இடத்தில் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. டேங்க் மேடு என்பார்கள். தொட்டியின் ஓரத்துச் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்தால் கோயம்புத்தூரே மடியில் வந்து உட்கார்ந்த மாதிரி இன்டர்நெட் வரும்.

அந்த மேடைதான் தங்கமணியின் ஆபீஸ். அவள் கணவன் தரணிதரன் ஃபேக்டரியில் எலக்ட்ரீசியன். காரமடையிலிருந்து கல்யாணமாகி வந்தவள், பி.காம். படித்ததை அடுப்படியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தாள். மகள் கனிஷ்கா பெரிய வகுப்புக்குப் போன பிறகுதான் கோயம்புத்தூர் ஆடிட்டர் தேவநேசனிடம் வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்தது. காலையில் டேங்க் மேட்டுக்குப் போய் அன்றைய ஃபைல்களை இறக்கிக்கொண்டு வருவாள். பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து முடித்து, சாயங்காலம் போய் ஏற்றிவிட்டு வருவாள். தேவநேசன் அவளை 'மேடம்' என்பார். அதுவரைக்கும் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் இன்னொரு மலைகூட ஏறியிருப்பாள்.

கரடி வந்தது ஜூலை மாதச் சாரலில் ஒரு சாயங்காலம். ஃபைல் ஏறிக்கொண்டிருந்தது. தொட்டிக்குப் பின்னால் யாரும் கவனிக்காத பேரிமரம் ஒன்று உண்டு. அந்தப் பக்கமிருந்து ஏதோ உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. குழாய்தான் ஒழுகுகிறது என்று திரும்பினாள். தேயிலைச் செடிகளுக்கு மேலே கறுப்பாய் ஒரு முதுகு நகர்ந்தது. அப்புறம் முதுகு நின்றது. மூச்சு விடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது என்றால், அவள் மூச்சு அதற்குக் கேட்காமலா இருக்கும்.

லேப்டாப்பைப் போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். யாராயிருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அவள் போடவில்லை. திறந்தபடியே நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினாள். ஆபீஸில் யாரோ பயன்படுத்திக் கழித்துக் கொடுத்த பழைய லேப்டாப் அது, அம்மிக்கல் கனம். கையோடு கொண்டுவந்திருந்த சார்ஜரின் வயர் செடியில் மாட்டி இழுத்தது. பாசிக்கல்லில் சறுக்கி, முட்டி தேய விழுந்தாள். விழுந்த இடத்தில் அப்படியே கிடந்தாள். பின்னால் எதுவும் வரவில்லை என்று உறுதியாக வெகுநேரம் ஆனது.

வீட்டில் பாசி வழுக்கிவிட்டது என்றாள். அதுவும் உண்மைதானே.

அந்த மலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வழியில் காட்டு மிருகம் எதையாவது பார்த்தவர் எதிரே வருகிற முதல் ஆளிடம் சொல்லிவிட வேண்டும். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். குடியிருப்புக்குத் திரும்பியதும் வாசல் வாசலாகச் சொல்ல வேண்டும்: 'மேல நிக்குது, பாத்துப் போங்க.' குழாயடிச் சண்டையில் வருஷக்கணக்காய்ப் பேச்சுவார்த்தை அற்றுப்போன வீடுகள்கூட இதற்கு மட்டும் வாய் திறக்கும். குவார்ட்டர்ஸ் வரிசையிலிருந்து கீழே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள் வரைக்கும் சேதி போய்விடும். மறுநாள் பெண்கள் கூட்டமாய்த்தான் கொழுந்து பறிக்கப் போவார்கள்.

தங்கமணிக்கு இது தெரியாதா. பதினாறு வருஷமாய் அவளே எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். ஆனால் போன வருஷம் பக்கத்து எஸ்டேட்டில் ஒரு ஆளைக் கரடி முகத்தில் கீறியபோது தரணிதரன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது அவள் காதிலேயே இருந்தது. "நம்ம பக்கம் ஒண்ணு தென்பட்டுதுன்னு வையி, அன்னிக்கே உன்ற வேலைக்கு ஒரு கும்பிடு. ஊட்ல இரு, போதும்." கோபமாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்பு போதும் என்பது போலச் சொன்னான். அதனால்தான் அது அவளுக்குப் பயமாயிருந்தது. கோபத்தில் சொன்னதை மாற்றலாம். நிதானமாய்ச் சொன்னதை எப்படி மாற்றுவது.

லயத்தில் சொன்னால் அவனுக்குத் தெரியாமல் இருக்காது. ஆகவே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள்.

விழுந்ததில் பழைய லேப்டாப்பின் மூடி கழன்று ஆடியது. திரையில் பாதி இருட்டு. தேவநேசனிடம் சொன்னபோது அவர் அலுத்துக்கொள்ளவில்லை. "அத எதுக்கு மேடம் இன்னும் கட்டிக்கிட்டு அழறீங்க. ரொம்ப விலையும் வேண்டாம், ரொம்பக் கம்மியும் வேண்டாம். ஆபீஸ் வேலைக்குத் தாங்குற மாதிரி நீங்களே ஒண்ணு பாத்து எடுத்துட்டு பில்ல அனுப்புங்க" என்றார்.

வேறு யாராயிருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். தங்கமணி அன்றிரவு படுத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தை யோசித்தாள். எவ்வளவு கனம் இருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும்.

ஊட்டியில் கமர்ஷியல் ரோட்டை ஒட்டிய சந்தில் ஜாகீரின் கடை. சின்னக் கடைதான், ஆனால் பொறுமையான மனிதர். தரணிதரனும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்தான். வராமலிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவள் நினைத்தாள்.

"என்ன வேலைக்குங்கக்கா?" என்று ஜாகீர் கேட்டார்.

"கணக்குங்க. ஆடிட்டர் ஆபீஸ் வேலை."

அவர் யோசிக்காமல் பெரிய திரை வைத்த ஒன்றை எடுத்து வைத்தார். வலது பக்கத்தில் எண்களுக்கென்று தனிக் கட்டைகள். கணக்கு வேலைக்காரர்களுக்கு அது வலது கை மாதிரி; பார்க்காமலே விரல் ஓடும். தங்கமணியின் விரல்கள் தானாகவே அதன்மேல் போய் உட்கார்ந்தன. கையை இழுத்துக்கொண்டு, லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தாள். கனம் தோள் வரைக்கும் இறங்கியது.

தரணிதரனும் தூக்கினான். அவன் முகம் மலர்ந்தது. மிக்ஸியோ கட்டிலோ, எதையும் கையில் தூக்கிக் கனம் பார்த்து வாங்குகிறவன் அவன். எடை பார்க்காமல் வாங்கி வந்தது பெண்டாட்டியை மட்டும்தான். "பாத்தியா, நல்ல கனம். கனமா இருந்தாத்தான் உழைக்கும்" என்றான்.

"கனமில்லாத ஒண்ணு காட்டுங்க" என்றாள் தங்கமணி.

ஜாகீர் இன்னொன்று காட்டினார். அதையும் தூக்கிப் பார்த்து வைத்துவிட்டாள். அடுத்தது. அதுவும் இல்லை. கடைசியில் உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் மெல்லியதாய் ஒன்று கொண்டுவந்தார். "ஒண்ணேகால் கிலோதான். சார்ஜரும் போன் சார்ஜராட்டம் சின்னது. வேகமெல்லாம் அதே வேகம்தான். விலையும் கிட்டத்தட்ட முதல்ல பாத்ததுதான். ஆனா ஸ்கிரீன் சின்னது, நம்பர் பேட் கிடையாது. இதே விலைக்குக் கனத்தக் குறைக்கணும்னா எதயாச்சும் விட்டுக்கொடுக்கணும்ங்கக்கா."

அவள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். ஒரு கையில் பிடித்துப் பார்த்தாள். கடைக்குள்ளேயே நாலு எட்டு வேகமாய் நடந்து திரும்பினாள். ஜாகீர் தரணிதரனைப் பார்த்தார். தரணிதரன் கூரையைப் பார்த்தான்.

"ஃபைல் ஏறிட்டிருக்கிறப்ப பட்டுனு மூடிட்டா என்னாகுங்க?" என்று கேட்டாள்.

"பாதியில நின்னுரும். மறுபடியும் ஏத்தணும்."

"கீழ விழுந்தா?"

"ஏங்கக்கா விழுகுது?"

"சும்மா கேட்டனுங்க. முதுகுல மாட்டுற பை இருக்குதுங்களா? ரெண்டு கையும் சும்மா இருக்கோணும். ஓட… நடக்கறப்ப ஆடக் கூடாது."

ஜாகீர் முதுகுப் பை ஒன்றை எடுத்து வைத்தார். எத்தனையோ பேருக்கு லேப்டாப் விற்றிருக்கிறார். இப்படிக் கேள்வி கேட்டவர் இல்லை. தரணிதரனுக்குப் பொறுக்கவில்லை. "உனக்கென்ன புள்ள ஆச்சு? நம்பர் கட்டை இல்லாம எப்படி அடிப்ப? பழசுல ஒரு கட்டை போனதுக்கே ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்த."

"தோள்பட்டை வலிக்குதுங்க" என்றாள். "தெனமும் ரெண்டு தரம் அந்த மேடு ஏறுறனில்லைங்க."

அவன் குரல் இறங்கிவிட்டது. "மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்றான். அந்தப் பரிவைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிடலாம் போலிருந்தது. வாய் வரைக்கும் வந்தது. ஜாகீர் சிரித்துக்கொண்டே, "மடியில கனமில்லைன்னா வழியில பயமில்லைம்பாங்க. அண்ணே, அக்கா சொல்றதயே எடுத்துக்குங்க" என்றார். தங்கமணிக்குப் பயம் என்ற சொல் மட்டும்தான் கேட்டது. வாய் மூடிக்கொண்டது.

புது லேப்டாப் வந்த பிறகு பயம் குறையும் என்று எதிர்பார்த்தாள். குறையவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கு ஒவ்வொரு சில்வர் ஓக் அடிமரமும் கரடி. மேடையில் உட்காரும்போது பையைக் கழற்றுவதேயில்லை. முதுகில் காலிப் பை, மடியில் லேப்டாப், கால் இரண்டும் பாதையைப் பார்த்து. திரையில் ஃபைல் ஏறும் பச்சைக் கோட்டைப் பார்ப்பதைவிடத் தேயிலையைப் பார்ப்பதே அதிகம். ஒருநாள் பாதை நடுவே பேரிக்காய் விதைகளோடு கிடந்த சாணியைப் பார்த்தாள். மாட்டுச் சாணியில்லை. காலாலேயே மண்ணைத் தள்ளி அதை மூடினாள். மூடிய பிறகு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இறங்கினாள். நாளைக்கு வருமானவரி வேலை குவிந்திருந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

சனிக்கிழமை மத்தியானம் மஞ்சூர் பஜாருக்குப் போனாள். மளிகை வாங்கிக்கொண்டு திரும்புகிற பஸ் பனிமூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது தரணிதரன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான், காலை ஷிப்ட் முடிந்த களைப்பு. மேஜைமேல் லேப்டாப் இல்லை.

"கனிஷ்கா எங்கீங்க?"

"மேல டேங்க்குக்குப் போயிருக்குது. ஸ்கூல்ல ஏதோ வீடியோ பாக்கச் சொன்னாங்களாம், போன்ல எழுத்துத் தெரியலைன்னு சொல்லுச்சு. உன்ற லேப்டாப்பக் கொண்டுட்டுப் போ கண்ணுன்னு நாந்தான் சொன்னேன். அதுதான் பூவாட்டம் இருக்குதே. பழசா இருந்திருந்தா உட்டிருப்பனா?"

அவள் பையைக் கீழே வைத்தாளா போட்டாளா தெரியாது. தக்காளி உருண்டு கட்டிலுக்கடியில் போனது. "என்ன புள்ள" என்று அவன் கேட்டது பின்னால் எங்கோ கேட்டது.

அந்தப் பாதையில் அவள் ஏறிய நாட்களிலெல்லாம் கரடி தன்னைப் பிடித்தால் என்ன ஆகும் என்றுதான் யோசித்திருக்கிறாள். மகளை யோசிக்கவில்லை. ஒருதரம்கூட யோசிக்கவில்லை. அது நினைவுக்கு வந்ததும் நெஞ்சில் வந்த வலி ஓடியதால் வந்த வலி இல்லை. கூப்பிட வேண்டும் போலிருந்தது. கூப்பிடப் பயமாயும் இருந்தது. சத்தம் கேட்டால் அது எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

கனிஷ்கா மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். காதில் இயர்போன், மடியில் லேப்டாப், முகத்தில் திரை வெளிச்சம். பேரிமரத்தடியில், தொட்டியின் அந்தப் பக்கத்து மூலையில், கறுப்பாய் ஒன்று தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் நடுவே தொட்டியின் சுவர் மட்டும்தான். அந்த உறிஞ்சுகிற சத்தம் தங்கமணிக்குக் கேட்டது. மகளுக்குக் கேட்கவில்லை.

தங்கமணி வாயில் விரலை வைத்தபடி மகளுக்கு எதிரே போய் நின்றாள். கனிஷ்கா நிமிர்ந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கேள்வி கேட்கவில்லை, அந்த முகத்தில் கேட்க எதுவும் மிச்சமில்லை. இயர்போனைக் கழற்றினாள். அப்போது அவளுக்கும் கேட்டது. எழுந்து, பழக்க தோஷத்தில் லேப்டாப்பையும் எடுத்தாள். தங்கமணி அதை அவள் கையிலிருந்து வாங்கி, சத்தம் வராமல் மேடைமேலேயே வைத்தாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பின்பக்கமாகவே ஓரடி வைத்தாள். இன்னொன்று வைத்தாள்.

உறிஞ்சும் சத்தம் நின்றது.

தொட்டிச் சுவருக்கு மேலே தலை எழும்பியது. அது பின்னங்காலில் நின்றுகொண்டிருக்க வேண்டும். வெளுத்த மூக்கு காற்றில் இப்படியும் அப்படியும் தேடியது. ஓடாதே, ஓடாதே என்று தங்கமணி மனதுக்குள் சொன்னாள், மகளுக்கா தனக்கா என்று தெரியாமல். பாதை வளைகிற இடம் வரைக்கும் இருவரும் அதைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார்கள். வளைவு தாண்டியதும் ஓடினார்கள். தேயிலைக் குச்சிகள் காலைக் கிழித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

பாதி வழியில் தரணிதரன் ஒரு இரும்புக் கம்பியோடு எதிரே வந்தான். மகளைப் பார்த்ததும் கம்பியைக் கீழே போட்டான். கனிஷ்கா அவன் தோளில் முகத்தை வைத்து, "கரடிப்பா" என்று மட்டும் சொன்னாள். வீடு வந்து கதவைச் சாத்தும் வரைக்கும் அவன் ஒன்றும் கேட்கவில்லை. லேப்டாப் சாரலில் கிடக்கிறதே என்றும் கேட்கவில்லை.

"கரடி இருக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

தங்கமணி சொன்னாள். பாசி, முட்டி, பேரிமரம், மண்ணைத் தள்ளி மூடியது எல்லாவற்றையும் சொன்னாள். தோள்பட்டை வலி பொய் என்றாள்.

அவன் மகளைக் கட்டிலில் உட்காரவைத்தான். "எங்கிட்ட மறைச்ச, சரி. நானு அப்படிப் பேசுனவன்தான். லயத்துல ஏன் சொல்லாம உட்ட?"

"அங்க சொன்னா உங்குளுக்குத் தெரிஞ்சிருமுங்க."

"அதுக்கு?" என்றான். வேலையைப் பற்றி அவன் எதுவும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

இருட்டுவதற்குள் சொல்லியாக வேண்டும். தங்கமணி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். முதல் வீடு கமலேஷின் வீடு. குழாயடிச் சண்டைக்கார வீடு. "மேல டேங்க்ல நிக்குதுங்க, கரடி. பாத்துப் போங்க" என்றாள். கமலேஷின் மனைவி, "எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டாள். எல்லோரும் கேட்கிற சாதாரணக் கேள்விதான் அது. இவ்வளவு நாளும் அதற்குப் பதில் 'இப்பத்தான்' என்றே இருந்தது.

"இப்பவும் பாத்தனுங்க. போன மாசமும் பாத்தனுங்க" என்றாள் தங்கமணி.

அந்தப் பெண் வாசலில் விளையாடிக்கொண்டிருந்த தன் பிள்ளையைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். அடுத்த வீட்டிலும் அதே கேள்வி. அதற்கடுத்த வீட்டிலும் அதே. ஒவ்வொரு வாசலிலும் அதே பதிலைச் சொன்னாள். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்தது நடக்கவில்லை. வீட்டுக்கு வீடு நாக்கு கனத்தது.

மேல் லயத்தின் கடைசி வாசல் மூக்கம்மாவுடையது. இலங்கையிலிருந்து சின்ன வயதில் வந்தவள், இன்னும் கொழுந்து பறிக்கிறாள். டேங்க் மேட்டுப் பாதையில் விடிகாலையில் முதல் ஆளாய் ஏறுகிறவள் அவள்தான். படிக்கட்டில் உட்கார்ந்து மழைச் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தவள், தங்கமணி சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். எப்போது பார்த்தாய் என்று அவள் கேட்கவில்லை. தங்கமணியே சொன்னாள்.

மூக்கம்மா செருப்பைக் கீழே வைத்தாள்.

"முட்டியில கட்டுப் போட்டுக்கிட்டு ஜன்னல்கிட்ட நின்னீங்களே, அதுக்கு முந்தின நாளா?"

"ஆமாங்க."

"அன்னைக்கு வெள்ளனே நான் மேல போறப்ப உங்க ஜன்னல்ல நின்னு கேட்டேனே. பாதையில ஏதும் உண்டா புள்ளன்னு." மூக்கம்மாவின் குரல் உயரவில்லை. "ஒண்ணுமில்லைங்க, போங்கன்னு சொன்னீங்க."

தங்கமணிக்கு அது நினைவிலேயே இல்லை. இப்போது வந்தது. ஜன்னல் கம்பி, வெளியே பனி, முக்காடு போட்ட மூக்கம்மாவின் முகம், முட்டி எரிச்சல், உள்ளே தரணிதரன் பல் விளக்கும் சத்தம். அவனுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் அத்தனை சீக்கிரம் சொன்னாள். ஒண்ணுமில்லைங்க, போங்க.

"சொன்னனுங்க" என்றாள்.

மூக்கம்மா ஈரச் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். கீழ் லயத்தில் சேதி சொல்ல இன்னும் நாலு வாசல் இருந்தன. அவள் தனியாகவே இறங்கிப் போனாள்.